சூசைமரியான் நிற்கிறார்

நான்கு மணி. எழுந்து நின்றுவிட்டேன். இன்று யாருக்கும் சொல்லவில்லை. வலது கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறது. நாற்காலியின் விளிம்பு பின்தொடையில் படுகிறது, படும்வரை நல்லது, படவில்லையென்றால் நான் முன்னால் சாய்கிறேன் என்று பொருள். இடது முட்டிக்குக் கீழேயிருந்து செய்தி ஏதும் இல்லை. குனிந்து பார்த்தால் கால் இருக்கும், பட்டை கட்டி, செருப்பு மாட்டி, மனைவி கோகிலா எடுத்து வைத்த இடத்தில். ஆனால் நிற்கும்போது குனியக்கூடாது. அது நிற்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். பன்னிரண்டு நிமிடம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவனுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் என்னவென்று தெரியும். பழனி வண்டி உள்ளே வந்து, ஆள் இறங்கி, ஆள் ஏறி, ஓட்டுநர் டீ வாங்கி, நான் விசில் ஊதி, அது காதில் விழாதவர்போல அவர் இன்னொரு வாய் குடித்து, வண்டி வெளியேறுகிற நேரம். அப்போது அது எனக்கு ஒரு நேரமாகவே பட்டதில்லை. இப்போது முதல் மூன்று நிமிடம் தோளில் கழியும், அடுத்த நான்கு இடுப்பில், அதற்கப்புறம் முட்டி. முட்டி முன்னால் மடங்கினால் பரவாயில்லை, விழுந்தாலும் நாற்காலியில் விழுவேன். பின்னால் போய்ப் பூட்டிக்கொள்வதுதான் மோசம், வலியே இல்லாமல் போகும், பிறகு ஒரு வாரம் நடக்க முடியாது. பூட்டவிடாதீர்கள் என்று தமயந்தி அம்மா குழுவில் தினமும் சொல்வார். அவர் மருத்துவர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை. கணவரைப் பதினோரு வருடம் தூக்கி நிறுத்தியவர். பக்கவாதம் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுமாக நூற்று நாற்பது பேர் அந்த வாட்ஸப் குழுவில். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. யாருக்கு எந்தக் கால் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே பாதி கட்டிய மாடி, சாரத்தில் தொங்கும் சாக்கு, தண்ணீர் லாரியின் பின்பகுதி. மலைக்கோட்டையும் தெரியும் என்கிறாள் கோகிலா, இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால். எனக்கு இடப்பக்கம் கிடையாது. மூளையின் வலப்புறத்தில் அடைப்பு. இடது கையும் காலும் போனது வீதியில் போகிறவனுக்குக்கூடத் தெரிகிறது, இடப்பக்கமே போனது எனக்கே தெரியாது, பிறர் சொல்லித்தான் தெரியும். கண்ணில் கோளாறு இல்லை, பார்க்கிறீர்கள், கவனிப்பதில்லை, அவ்வளவுதான் என்றார் மருத்துவர், ஏதோ பள்ளிக்கூடப் பையனிடம் சொல்வதுபோல. சட்னி வைக்கலையா என்று கேட்பேன். கோகிலா பதில் சொல்லாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். சட்னி வந்துவிடும். இருட்டாக இருந்தால் தேவலை, இருட்டு என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று சந்தேகமாவது வரும். இது அப்படியில்லை. உலகம் முழுசாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் சின்னதாக. பதினான்கு மாதமாகிறது. தெரிந்து வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சட்னி இல்லை என்றுதான் முதலில் தோன்றுகிறது.

சூசைமரியானுக்கு அடைப்பு மறுபக்கம். வலது கை, வலது கால், பேச்சு. குளச்சல்காரர், மீன் ஏலம் விடுகிறவராக இருந்தவர். தமயந்தி அம்மாதான் எங்களை ஜோடி சேர்த்தார். குழுவில் அது ஒரு வழக்கம், தனியாக உடற்பயிற்சி செய்கிறவன் பதினைந்தாம் நாள் விட்டுவிடுவான் என்பதால் எல்லோருக்கும் ஒரு ஜோடி. இவருக்கு இடம் போச்சு, அவருக்கு வலம் போச்சு, ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள் என்று குரல் பதிவு போட்டார். மிச்சம் இருக்கிற ரெண்டு பாதியை என்னம்மா செய்யிறது என்று நான் கேட்டேன். அதை வெச்சு கட்சி ஆரம்பிங்க என்றார். அன்றிலிருந்து ஏழு மாதம். நான்கு மணிக்கு நான் 'நிற்கிறேன்' என்று எழுதி அனுப்புவேன். குளச்சலில் அவர் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து 'நிற்கிறேன்' என்று அனுப்புவார். முடிந்ததும் நான் 'உட்கார்ந்தேன்'. அதைப் பார்த்துவிட்டு அவரும் உட்கார்வார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவரால் எழுதவும் முடியாது. மனைவி ரோஸ்லெட் அந்த ஒரு சொல்லைக் காகிதத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், அதைப் பார்த்துப் பார்த்து இடது கையால் ஓர் எழுத்தாகத் தேடி அழுத்துவார், மூன்று நிமிடம், சில நாள் ஐந்து. நான் போட்டுக் கொடுத்திடுதேன்னு சொன்னா கையைத் தட்டிவிடுதாவ என்று ரோஸ்லெட் ஒருமுறை குழுவில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அவர் குரலைக் கேட்டதில்லை. முகம்கூட ஞானஸ்நானப் படம் ஒன்றில் மூன்றாம் வரிசையில் நிற்கும் ஒரு மீசைதான்.

மூன்று நிமிடம் ஆகியிருக்கும், தோள் இறங்குகிறது. தோளை ஏற்று. மூச்சை விடு. வெள்ளிக்கிழமைதான் முதல் நாள். 'நிற்கிறேன்' என்று அனுப்பினேன். பதில் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. முதல் நாள் சார்ஜ் இல்லை என்று நினைத்துக்கொண்டேன், இரண்டாம் நாள் கோயில் திருவிழா என்று நினைத்துக்கொண்டேன், இது எந்த மாதத்துத் திருவிழா என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கக்கூடாது. குழுவில் அது இன்னொரு வழக்கம், யாரும் எழுதி வைக்காதது. ஒருவர் நான்கு நாள் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. முன்பு கேட்டிருக்கிறார்கள். ஆவுடையப்பன் ஐயா எங்கே காணோம் என்று யாரோ கேட்டு, அவர் மகன் அடக்கம் முடிந்தது என்று பதில் போட்டான், காலை ஏழு மணிக்கு, எல்லோரும் எழுந்து காலை நீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில். அன்றைக்குப் பாதிப் பேர் எதுவும் செய்யவில்லை. அதன்பிறகு கேட்பதில்லை. வீட்டுக்காரர்கள் சொல்லும்வரை காத்திருப்போம், சொல்லாமல் இருக்கும்வரை அவர் இருக்கிறார். நானும் காத்திருந்தேன். ஆனால் நீல டிக் விழுகிறது. என் செய்திக்குப் பக்கத்திலேயே, வலது ஓரத்தில், இரண்டு நீல டிக். படித்திருக்கிறார்கள். யார் படித்தது. செத்தவர் போனை வீட்டில் திறந்து பார்ப்பார்கள், ஆவுடையப்பன் ஐயா போனில்கூட மூன்று நாள் டிக் விழுந்தது. அல்லது அவரேதான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். இரண்டில் எது மேல் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். அவர் இருந்து பேசாமல் இருப்பதுதான் மேல் என்று முதலில் தோன்றியது. சாயங்காலம் அதுவே தாங்கவில்லை. 'உடம்பு சரியில்லையா?' என்று எழுதினேன். வழக்கத்தைப் பாதி மீறியாயிற்று. டிக் நீலமாயிற்று. பதில் இல்லை. கீழே வெறும் வெள்ளை. மகள் கோவையிலிருந்து அனுப்பி வியாழக்கிழமை வந்து சேர்ந்த இந்தப் புதுப் போனில் எல்லாமே இப்படித்தான், எழுத்து பெரிது, என் செய்தி ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளியும் பெரிது. பழையது உள்ளங்கையில் அடங்கும், வலது கையில் பிடித்து வலது மடியில் வைத்துப் பார்ப்பேன். இது கனம், ஒற்றைக் கையில் நிற்காது, ஜன்னல் மேடையில் ஒரு தாங்கியில் சாய்த்து எனக்கு நேர் எதிரே வைத்திருக்கிறாள் கோகிலா, கண்ணாடி பார்ப்பதுபோல.

இடுப்பு. இடுப்பை உள்ளே இழு. ஐந்து நிமிடமா, ஆறா. நேற்று எழுதியதை நினைக்க வேண்டாம் என்றுதான் எழுந்தேன், நின்றால் நினைப்பு வராது என்று, நின்றால்தான் வருகிறது. நேற்று திங்கள்கிழமை. நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுதினேன். 'உங்களுக்கு என்னோடு நிற்க இஷ்டம் இல்லை என்று புரிந்துகொண்டேன். இனி நான் வரவில்லை. தமயந்தி அம்மாவிடம் வேறு ஆள் கேட்டுக்கொள்ளுங்கள்.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். தாமதமாக வந்த ஓட்டுநர்களுக்கு நான் விளக்கக் கடிதம் கேட்டு எழுதும் நடை அது, இருபத்தாறு வருடத்து நடை, பக்கவாதம் அதைத் தொடவில்லை. அனுப்பிவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். நேற்று நிற்கவில்லை. இன்று காலை கெண்டைக்கால் கட்டைபோல் இருந்தது, பட்டையை மாட்ட கோகிலா இரண்டு தடவை முயன்றாள். ஒரே நாள். ஒரு நாள் விட்டதற்கு இவ்வளவு. அப்போதுதான் நினைத்தேன், யாரும் வேண்டாம், நான்கு மணி என்னுடையது, ஜோடி இல்லாவிட்டாலும் நிற்பேன், சொல்லாமல் நிற்பேன். செத்திருந்தால் செத்தவருக்கு அப்படியா எழுதினேன். இருந்தால் இருப்பவருக்கு அப்படியா எழுதினேன். முட்டி. பூட்டவிடாதே.

கோகிலா ஈரத் துணியோடு வந்தாள். சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்த வாசனை அவளோடு வந்தது. ஜன்னல் மேடையைத் துடைக்கப் போனைத் தூக்கினாள்.

"இன்னைக்கு நிக்கிறீங்களா. நேத்து லீவு போட்ட மாதிரி இன்னைக்கும் போடுவீங்கன்னு நெனச்சேன்."

"போனை வை."

"வெக்கிறேன், பறக்காதீங்க." அவள் கண் திரையில் போய்விட்டதை அவள் பேச்சு நின்றதில் தெரிந்துகொண்டேன். படிக்கிறாள். நேற்றைய கடிதத்தைப் படிக்கிறாள். காது சூடாயிற்று. "ஏங்க, இது என்ன இப்படி எழுதியிருக்கீங்க. அவரு பாவம் என்ன செஞ்சாரு."

"ஒண்ணும் செய்யல. அதான். நாலு நாளா ஒரு வார்த்தை கிடையாது."

"எது கிடையாது? தெனமும் போட்டிருக்காரே."

"யாரு?"

"உங்க குளச்சல்காரருதான். இந்தா, வெள்ளிக்கிழமை நாலு அஞ்சு, நிற்கிறேன். சனிக்கிழமை நாலு நாலு, நிற்கிறேன். நீங்க ஒடம்பு சரியில்லையான்னு கேட்டதுக்கும் நிற்கிறேன்னுதான் போட்டிருக்காரு." அவள் போனை என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். வெள்ளை. என் சொற்கள், நீல டிக், வெள்ளை. எங்கே என்றேன். அவள் போனை மெதுவாக என் வலது காதுப் பக்கம் நகர்த்தினாள், தட்டைத் திருப்புகிறாள் என்று எனக்குப் புரிந்தது, புரிந்த அதே நொடியில் வெள்ளையிலிருந்து சொற்கள் வந்தன. நிற்கிறேன். நிற்கிறேன். ஒவ்வொன்றும் இடது ஓரத்தை ஒட்டி, சின்னதாக. பிறர் எழுதுவது இடப்பக்கம் விழுகிறது, நான் எழுதுவது வலப்பக்கம். உலகத்தில் எல்லோருடைய போனிலும் அப்படித்தான். ஏழு மாதம் அதை வலது மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நான்கு நாளாக என் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு என்னையே படித்திருக்கிறேன்.

"நேத்து?" என்றேன்.

"நேத்து நெறைய போட்டிருக்காரு." அவள் விரல் நகர்ந்தது. "நாலு ஒம்போது, நிற்கிறேன். நாலு பதினெட்டு, நிற்கிறேன். நாலு இருபத்தேழு. நாலு முப்பத்தாறு. நாலு நாப்பத்தொம்போது." பிறகு மெல்லச் சொன்னாள். "அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. இன்னைக்கும் இல்ல."

நாற்பத்தொன்பது. நினைக்காமல் இருக்க முடியவில்லை, கணக்குத் தானாக ஓடியது. நான் உட்கார்ந்தேன் என்று சொன்னால்தான் அவர் உட்கார்வார். நான் சொல்லவில்லை. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவ்வளவு நேரமும் ஒற்றைக் காலில், கம்பியை விட்டுவிட்டுப் போனை எடுத்து, எழுத்தைத் தேடி, அனுப்பி, மறுபடி கம்பியைப் பிடித்து. அவரிடம் வேறு சொல் இல்லை. என்னைத் திட்டியதும் அந்தச் சொல்லில்தான், கெஞ்சியதும் அந்தச் சொல்லில்தான், இரு வருகிறேன் என்றதும் அதில்தான். நாலு நாற்பத்தொன்பதுக்கு அப்புறம் என்ன ஆயிற்று. விழுந்திருக்கிறார். விழும்போது வலப்பக்கம்தான் விழுவார், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே. இடுப்பு எலும்பு. அல்லது தலை. அல்லது இரண்டாவது அடைப்பு, இரண்டாவது வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்பார்கள், இப்போது ஒரு நாள் ஆகப்போகிறது. கேட்கக்கூடாது என்பது வழக்கம். கேட்காதவரை அவர் இருக்கிறார். முட்டி உள்ளே ஒரு நரம்பு தெறித்துக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் முடிந்திருக்கும். உட்காரலாம். உட்கார்ந்தால் கேட்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும், உட்கார்ந்தால் நாளைக்கு என்று நினைப்பேன்.

"போன் போடு."

"நீங்க மொதல்ல உக்காருங்க. கால் ஆடுது."

"ஆடட்டும். ரோஸ்லெட்டுக்குப் போடு, ஸ்பீக்கர்ல வை. வலப்பக்கம் வை."

மணி அடித்தது. மூன்று, நான்கு. ஒவ்வொரு மணிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அவர் ஒருமுறை செத்தார். ஐந்தாவதில் எடுத்தாள். பின்னால் கோழி ஒன்று கத்தியது.

"யாரு, திண்டுக்கல் அண்ணனா. நான் சொல்லாம இருக்க மாட்டேன், எனக்கு ஒங்க மேல கோவந்தான்."

"அவரு எப்படிம்மா இருக்காரு?"

"எப்பிடி இருப்பாவ. நேத்து முக்கா மணிக்கூரு நின்னாவ. இரிங்க இரிங்கன்னு சொல்லியும் இரிக்கல்ல. போனைக் காட்டிக் காட்டி நின்னாவ. நான் ஒங்களுக்கு வாய்ஸ் போடுதேன்னு சொன்னா போனைத் தந்தாத்தானே. பொறவு நாந்தான் புடிச்சு இருத்துனேன். ராத்திரி கால் வீங்கிப் போச்சு, டாக்டரு வந்து பாத்திட்டு பயப்படாண்டாம்னு சொன்னாரு. வீக்கம் இப்ப வடிஞ்சாச்சு. ஆனா மனுசன் இன்னைக்குக் காலத்த இருந்து செவரப் பாத்துக் கெடக்காவ. கஞ்சி வேண்டாம், குளிக்க வேண்டாம். நாலு மணி ஆச்சு எந்திரிங்கன்னு சொன்னேன். செவத்துல ஒட்டுன பேப்பரக் கிழிச்சுப் போட்டிட்டாவ."

இருக்கிறார். அதன்பிறகு அவள் சொன்னதெல்லாம் மெதுவாகத்தான் உள்ளே வந்தது. கிழித்துவிட்டார். ஏழு மாதம் பார்த்து எழுதிய காகிதத்தை. நான் கேட்ட விளக்கக் கடிதத்துக்கு அவர் கொடுத்த பதில்.

"போனை அவர் காதுல வைம்மா."

துணி உரசும் சத்தம். மூச்சு. கனமான மூச்சு, இவ்வளவு நாளும் ஒரு மீசையாக இருந்தவருடையது. என்ன சொல்வது. மன்னிப்பு என்று தொடங்கினால் மறுபடி கடித நடை வந்துவிடும்.

"அண்ணே, நான் பூபாலன். நீங்க போட்டது ஒண்ணையும் நான் பாக்கல. புதுப் போனு வந்துச்சு. அதுல உங்க எழுத்தெல்லாம் இடப்பக்கமா விழுது. எனக்குத்தான் இடப்பக்கம் கிடையாதே. நாலு நாளா நான் எழுதினதையே நான் படிச்சுக்கிட்டு, நீங்க பேசலன்னு கோவிச்சுக்கிட்டேன். இப்பத்தான் கோகிலா காட்டினா."

அந்தப் பக்கம் ரோஸ்லெட் சிரித்துவிட்டாள், உடனே அடக்கிக்கொண்டாள். பிறகு ஒரு குரல், கரகரப்பாக, நான் நினைத்ததைவிடப் பெரியதாக, கடற்கரை முழுவதற்கும் கேட்கப் பழகியது.

"ஒருதரம்."

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றாரு?"

"அதுதான் அவியளுக்கு வாயில வரும். ஏலம் விட்டு விட்டு அது மட்டும் உள்ள தங்கிப் போச்சு. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். குடிக்க வெள்ளம் கேட்டாலும் அதுதான், என்னய ஏசுனாலும் அதுதான். குழுவுல கேட்டா சிரிப்பாவன்னு வாயத் தொறக்க மாட்டாவ."

"இப்ப ஏசுறாரா?"

"அது ஒங்க பாடு."

முட்டி இப்போது வெளிப்படையாகவே ஆடுகிறது. கோகிலா துணியைப் போட்டுவிட்டு என் இடுப்புப் பட்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை. கடிகாரத்தில் நாலு இருபத்திரண்டு. பன்னிரண்டுக்கு மேல் நான் நின்றதில்லை. நின்றிருக்கிறேன், இதோ. வண்டி நேரம் தாண்டியும் நடைமேடையில் நிற்கிறது, விசில் என் கையில் இல்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு மாமனாரோடு போன நாட்களில் ஏலம் பார்த்திருக்கிறேன். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் முடிந்தது, சரக்கு போய்விடும். அதற்குள் ஒருவன் விலையைக் கூட்டிக் கேட்டால் திரும்ப ஒருதரத்திலிருந்து. இதை அவரிடம் சொல்வதா. அவருக்கா தெரியாது.

"அண்ணே," என்றேன். "நான் இங்க நின்னுக்கிட்டுத்தான் பேசுறேன். இருபத்திரண்டு நிமிசம் ஆச்சு. டாக்டர் பயப்பட வேணாம்னு சொல்லியிருக்காரு. ரொம்ப நேரம் வேணாம், நேத்து நீங்க நின்னதுல என் பங்கும் இருக்கு. ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம் எந்திரிச்சு நில்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்துருவோம்."

மூச்சு மட்டும். கோழி. ரோஸ்லெட் ஏதோ மெதுவாகச் சொல்கிறாள். பிறகு கட்டில் சட்டம் முனகியது, நீளமாக, நடுவில் நின்று, மறுபடி. கம்பியப் புடிங்க, இந்தக் கையாலப் புடிங்க, ஆங், காலை அகத்தி வைங்க. ஒரு பெரிய பெருமூச்சு, மேலே எழும்போது எல்லோரும் விடுவது, நான் விடுவதும் அதேதான். போனுக்கும் அவருக்கும் தூரம் கூடியது காதில் தெரிந்தது. குரல் இப்போது உயரத்திலிருந்து வந்தது.

"ஒருதரம்."

கோகிலாவின் பிடி இறுகியது. நான் நிமிடத்தை எண்ணினேன், முள்ளைப் பார்க்காமல், மனசுக்குள். இருபது. முப்பது. தொடை உள்ளே எரிகிறது, எரிகிறவரை கால் என்னுடையது. நாற்பது. குளச்சலில் ஏதோ பாத்திரம் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. ஐம்பது.

"ரெண்டுதரம்," என்றார். நிதானமாக, இழுத்து, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறவர்போல. அடுத்ததற்கு மூச்சு இழுப்பது கேட்டது.

"ரெண்டு நிமிசம்," என்றேன்.

அவர் தொண்டையிலிருந்து சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது.

"ஒருதரம்."